கம்பியைப் பிடிங்க சார்

கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கச்சிகளுக்கு,

உங்கள் சின்ன முதலாளி போன வாரம் என் வீட்டுக்கு வந்தார். புதிதாக ஆறு பேரை எடுத்திருப்பதாகவும், நான் ஒரு நாள் கடைக்கு வந்து உங்களுக்கு டிரெயினிங் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார். நின்றுகொண்டு பேச முட்டி ஒத்துக்கொள்ளாது, எழுதித் தருகிறேன் என்றேன். ராபர்ட்சன்பேட்டையில் அந்தக் கடையில் முப்பது வருடத்துக்கு மேல் நின்றதற்குக் கிடைத்த பரிசு இந்த முட்டிகள். ஓய்வு பெறும் நாளில் ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள். அது இரண்டாம் மாதமே நின்றுவிட்டது. முட்டி இன்னும் கொஞ்சம் ஓடுகிறது.

சட்டையை எப்படி மடிப்பது, பில் எப்படிப் போடுவது, ஸ்டாக்கை எப்படி அடுக்குவது என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அதைப் பத்து நாளில் கற்றுக்கொள்வீர்கள், பதினோராவது நாள் சலித்துக்கொள்வீர்கள். நான் சொல்ல வருவது குளிருக்குப் போடும் பிளானல் சட்டையைப் பற்றி. கார்த்திகை பிறந்ததிலிருந்து தை முடியும் வரை நம் கடைக்குச் சோறு போடுவது அதுதான். மாரிகுப்பத்திலிருந்து முதல் ரயில் வண்டி கிளம்பும்போது இந்த ஊரில் காக்கா கூட எழுந்திருக்காது. பழைய தங்கச் சுரங்கத்தின் சயனைடு மண் மேட்டிலிருந்து வருகிற காற்றில் பிளாட்பாரத்தில் நிற்கிறவன் பல் தந்தியடிக்கும். அந்த வண்டியில் பெங்களூர் போகிற ஆண்களில் பாதிப் பேர் உடம்பில் கட்டம் போட்ட பிளானல் இருக்கும். அந்தக் கட்டங்களில் பாதி என் கையால் விற்றது.

நான் சேர்ந்தபோது எனக்கு மேலே ஒரு சீனியர் இருந்தார். பெயர் வேண்டாம், பேரப்பிள்ளைகள் எல்லாம் இங்கேதான் இருக்கிறார்கள். வாய் நிறைய வெற்றிலை, வயிறு நிறைய ஊர் வம்பு. அவர் எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரே ஒரு வாக்கியம். டிரயல் ரூமிலிருந்து யார் எதைப் போட்டுக்கொண்டு வந்தாலும், தலையைக் கொஞ்சம் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, "உங்களுக்குன்னே தெச்ச மாதிரி கீது சார்" என்று சொல்ல வேண்டும். தோள் முழங்கைக்கு இறங்கியிருந்தாலும் அதுதான். பட்டன் தெறித்து நம் கண்ணில் விழப் போகிறது என்றாலும் அதுதான். ஒரு தடவை அவர் அதைச் சொன்னது, எங்கள் சட்டை எதுவும் பிடிக்காமல் தன்னுடைய பழைய சட்டையையே திரும்பப் போட்டுக்கொண்டு வெளியே வந்த ஆளிடம். அந்த ஆள் வெட்கப்பட்டுக்கொண்டே நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

நானும் அதைச் சொன்னேன். வருடக்கணக்கில், வெட்கமே இல்லாமல் சொன்னேன். நீங்களும் சொல்வீர்கள், மறுக்க வேண்டாம்.

என் முதல் குளிர்காலத்தில் நந்திதுர்க் பக்கத்திலிருந்து அண்ணன் தம்பி நாலு பேர் ஒன்றாக வந்தார்கள். உடம்பை ஒட்டிப் பிடித்தாற்போல் வேண்டும் என்றார்கள். பிடித்தாற்போலவே கொடுத்து, மந்திரத்தையும் நாலு தடவை ஓதினேன். நல்ல பருத்தி பிளானல் முதல் துவைப்பில் சுருங்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. அடுத்த வாரம் நாலு பேரும் வரிசையாகக் கடைப் படி ஏறினார்கள். கைப்பட்டி மணிக்கட்டைத் தாண்டி மேலே போயிருந்தது. நாலு தொப்புளும் என்னையே பார்த்தன. சீனியர் அந்த நேரம் பார்த்துக் குடோனில் ஏதோ முக்கியமான வேலையாக இருந்தார்.

அன்றிலிருந்து நானாகக் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன். தோள் தையல் தோள் எலும்பின் மேல் உட்கார வேண்டும், அதற்கு இந்தப் பக்கமும் வேண்டாம், அந்தப் பக்கமும் வேண்டாம். கழுத்துப் பட்டன் போட்டபின் உள்ளே இரண்டு விரல் போக வேண்டும். கையை மடக்கினால் மணிக்கட்டு தெரியக்கூடாது. ஆளை ஸ்டூலில் உட்கார வைத்துப் பாருங்கள். வயிற்றுக்கு மேல் பட்டனுக்கும் பட்டனுக்கும் நடுவே பனியன் எட்டிப் பார்த்தால் ஒரு அளவு மேலே போக வேண்டும். எல்லாவற்றிலும் சுருக்கத்துக்கு ஒரு விரற்கடை கூடுதலாக விடுங்கள். துணியை உள்ளங்கையில் வைத்து நாலு தேய்ப்பு தேய்த்தால் உருண்டை உருண்டையாகப் பஞ்சு திரண்டு வரும் சட்டை கலப்படம், அது ஒரு சீசன் தாங்காது. இவ்வளவுதான். சின்ன முதலாளி உங்களுக்குப் போட்டுக் காட்டிய வீடியோவை விட இது சின்னது.

ஆனால் எனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது இவை எதுவும் இல்லை. டிரயல் ரூமுக்கு வெளியே இரண்டு தூணுக்கு நடுவில் ஒரு இரும்புக் கம்பி இருக்கிறதே, அதை என்னவென்று நினைத்தீர்கள்? அங்கே ஹேங்கர் மாட்டுகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அது என் கம்பி.

நம் ஆட்கள் பெங்களூர் வரை இரண்டு மணி நேரத்துக்கு மேல் ரயிலில் நின்றுகொண்டே போகிறவர்கள். ஒரு கை மேலே கம்பியைப் பிடித்திருக்கும். கண்ணாடி முன்னால் கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது ராஜா மாதிரி இருக்கிற சட்டை, கையைத் தூக்கியதும் பேன்ட்டை விட்டு வெளியே வந்துவிடும். எதிரில் உட்கார்ந்திருக்கிறவர் பங்காருபேட்டையிலிருந்து பெங்களூர் வரை இவன் வயிற்றைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். ஆகவே முதலாளியை நச்சரித்து ஒரு கம்பி மாட்டச் சொன்னேன். சட்டை போட்டுக்கொண்டு வருகிற எல்லோரையும் "கம்பியப் புடிங்க சார்" என்பேன். அவர் பிடிப்பார், நான் இரண்டு தடவை லேசாக உலுக்குவேன், சுற்றியிருப்பவர்கள் ஸ்டேஷன் பெயரெல்லாம் கத்துவார்கள். சட்டை இடுப்பில் நின்றால் பாஸ். பஜாரில் வேறு எந்தக் கடையிலும் இது கிடையாது. வாடிக்கையாளர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார்கள். எனக்குத் தலைக்கனம் ஏறியது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இனி அசோகன் கதைக்கு வருகிறேன். ஐந்தாறு வருடத்துக்கு முன்னால் ஒரு மார்கழி சனிக்கிழமை, மதியத்துக்குக் கொஞ்சம் முன். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும் ஒருவர் உள்ளே வந்தார். ஒல்லியான உடம்பு, முகத்தில் சிரிப்பு என்பதே கிடையாது. பிளானல் சட்டை வேண்டும், சீக்கிரம் காட்டு என்றார்.

அவர் எதற்காக வந்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது. உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். அசோகன் ஒரு காலத்தில் அதே முதல் வண்டியில் பெங்களூர் போய் வந்தவர். ஒரு நாள் பங்காருபேட்டையில் வண்டி நிற்பதற்குள் இறங்கப் பார்த்துக் கீழே விழுந்ததில் வலது தோள் போய்விட்டது. அதன் பிறகு அந்தக் கை நெஞ்சுக்கு மேல் எழவில்லை. கூட்டத்தில் கம்பியைப் பிடிக்க முடியாதவனுக்கு அந்த வண்டியில் இடமில்லை. பெங்களூர் வேலை போய், மாரிகுப்பத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கேட் வாட்ச்மேன் ஆனார். தினமும் காலையில் அவருக்குச் சட்டை மாட்டி, அதன் மேல் தலைவழியாக ஸ்வெட்டர் இறக்கிவிடுவது அவர் மனைவி மல்லிகா. குளிர் பட்டால் அந்தத் தோள் பூட்டிக்கொள்ளும். ஆகவே ஸ்வெட்டர் இல்லாமல் கேட்டில் உட்கார முடியாது. தனியாக ஸ்வெட்டர் போடவும் முடியாது.

இப்போது மல்லிகாவுக்குப் பெங்களூரில் ஒரு ஹாஸ்டல் சமையல்கட்டில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும், முதல் வண்டியில் போக வேண்டும். ஏற்கெனவே ஒரு தடவை கிடைத்த வேலையை இவருக்காக விட்டவள் அவள். இருட்டில் எழுப்பி உடுத்திவிட்டுப் போகிறேன் என்று அவள் சொன்னதற்கு, குளிக்காமல் பொம்மை மாதிரி உடுத்தி உட்கார வைக்கப் போகிறாயா என்று அவர் கத்தியிருக்கிறார். அப்படியானால் நீயே போட்டுக்கொண்டு காட்டு, காட்டாவிட்டால் நான் போகவில்லை என்று அவள் சொல்லிவிட்டாள். அவர் ஒரு ஜெர்கினைப் போட்டுக் காட்டினார். ஜிப் தாடைக்குக் கீழே தாடி மயிரைக் கவ்விக்கொண்டு மதியம் வரை இறங்கவில்லை. அந்த முயற்சி அத்தோடு முடிந்தது.

ஆகவே அன்று அவர் தேடி வந்தது ஸ்வெட்டர் அளவுக்குச் சூடாகவும் சட்டை மாதிரி முன்னால் திறப்பாகவும் இருக்கிற ஒன்றை. தன் கையால் தானே போட்டுக்கொள்கிற ஒன்றை. மனைவிக்குச் சொல்லாமல் வந்திருந்தார். இதில் ஒரு வார்த்தை கூட என்னிடம் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? நான் யார்?

டிரயல் ரூமுக்குள் போனவர் வெகு நேரம் வரவில்லை. உள்ளே இடிக்கிற சத்தம் கேட்டது. நான் வெளியிலிருந்து, உள்ளே தூங்கிவிட்டீர்களா என்று கிண்டல் செய்தேன். நின்றிருந்த நாலைந்து பேர் சிரித்தார்கள். ஒருவழியாக வெளியே வந்தார். சட்டை உடம்பில் இருந்தது, பட்டன் ஒன்றும் போடவில்லை, நெற்றி முழுக்க வேர்வை. மார்கழியில் ஒரு ஆள் இப்படி வேர்த்துக்கொண்டு வந்தால் முட்டாளுக்குக் கூட ஏதோ சரியில்லை என்று தோன்றியிருக்கும். எனக்குத் தோன்றவில்லை. சனிக்கிழமைக் கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறதே.

"கம்பியப் புடிங்க சார்" என்றேன்.

வேண்டாம் என்றார். எல்லோரும் பிடிக்கிறார்கள், நீங்கள் மட்டும் என்ன என்றேன். அவர் இடது கையைத் தூக்கினார். "வலது கை சார், வலது கை, டிக்கெட்டு வாங்கிட்டு ஏறுங்க" என்று சொல்லிவிட்டு, நானே அவருடைய வலது மணிக்கட்டைப் பிடித்து மேலே தூக்கினேன்.

அவர் கத்தவில்லை. மூச்சை மட்டும் உள்ளே இழுத்தார். அந்தச் சத்தம் இன்றைக்கும் எனக்கு நினைவிருக்கிறது. அவர் கையை மெல்ல இறக்கிக்கொண்டு, டிரயல் ரூமுக்குள் போய், மறுபடியும் வெகு நேரம் கழித்துத் தன் பழைய சட்டையோடு வந்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"இந்தக் கம்பியப் புடிக்க முடியாமத்தான்யா நான் கேட்ல குந்திகினு கீறேன்" என்றார். போய்விட்டார்.

ஒரு மணி நேரத்தில் மல்லிகா வந்து சேர்ந்தாள். அதற்குள் யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். இந்த ஊரில் செய்திக்குச் செல்போன் தேவையில்லை. வந்தவள் கத்துவாள் என்று எதிர்பார்த்துக் கவுன்ட்டருக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவள் கத்தவில்லை. நான் மேலே உங்களுக்குச் சொன்ன விஷயமெல்லாம் அவள் எனக்குச் சொன்னதுதான். கடைசியில் இதையும் சொன்னாள்.

"இன்னொரு கடைக்கு அவரு போவ மாட்டாருங்க. உங்க கடைக்கு வந்ததே பெரிசு. நான் வேலைக்குப் போவலன்னு ஹாஸ்டலுக்கு போன் பண்ணிச் சொல்லிடறேன். நீங்க நல்லா கம்பி புடிங்க."

திட்டு வாங்கி எனக்குப் பழக்கம். முதலாளியின் திட்டு எனக்குக் காலை டிபன் மாதிரி. ஆனால் இதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்தது. வாடிக்கையாளர் முன்னால் அழுதால் நன்றாக இருக்காது என்று குனிந்து ஒரு சட்டையை மடித்தேன். பிறகு, போன் பண்ணாதே அம்மா, நாளை சாயந்திரம் வரை பொறு என்று கேட்டுக்கொண்டேன். எதற்கு என்றாள். எனக்கே தெரியவில்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடை காலியானது. நான் சாப்பிடப் போகவில்லை. ஒரு பெல்ட்டை எடுத்து என் வலது மேல்கையை உடம்போடு சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டேன். முழங்கைக்குக் கீழேதான் அசைக்க முடியும். கடையிலிருந்த பிளானல் ரகம் ஒவ்வொன்றிலும் ஒன்றை எடுத்துக்கொண்டு டிரயல் ரூமுக்குள் போனேன்.

அந்த ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொண்டதை அதற்கு முந்தைய வருடங்களில் கற்றுக்கொள்ளவில்லை. நாம் அருமை என்று விற்கிற, உள்ளும் வெளியும் பஞ்சு எழுப்பிய மெத்தென்ற பிளானல் பனியனைப் பிடித்துக்கொண்டு விடவே விடாது. தூக்க முடியாத கை அதற்குள் பாதி வழியில் நிற்கும். கச்சிதமான அக்குள், ஒட்டிய முதுகு என்று நாம் புகழ்கிறதெல்லாம் இரண்டு கையும் நன்றாக இருக்கிறவனுக்குத்தான். புதுச் சட்டையின் பட்டன் துளை ஒற்றைக் கைக்குப் பூட்டு மாதிரி. மூன்றாவது சட்டையில் தலைக்கு மேல் துணியோடு சிக்கிக்கொண்டு நான் முட்டி மோதிக்கொண்டிருந்தபோது முதலாளி கதவைத் திறந்தார். பெரிய முதலாளி, உங்கள் சின்ன முதலாளியின் அப்பா. பெல்ட் கட்டிய என்னை மேலும் கீழும் பார்த்தார். சாப்பிட்டாயா என்று கேட்டார். இல்லை என்றேன். கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

கடைசியில் ஒன்று வழிக்கு வந்தது. எது தெரியுமா? கீழ்த்தட்டில் மூன்று வருடமாக விலை போகாமல் கிடந்த ரகம். கடுகு நிறத்தில் பழுப்புக் கட்டம். கடைப் பையன்கள் அதற்கு மாமா சட்டை என்று பெயர் வைத்திருந்தார்கள். வெளிப்பக்கம் மட்டும் பஞ்சு, உள்பக்கம் வழவழப்பு, அதனால் கை வழுக்கிக்கொண்டு இறங்கியது. முதுகில் இரண்டு பக்கமும் மடிப்பு, அக்குள் தாராளம். பார்க்கச் சகிக்காது, அது வேறு விஷயம்.

கைப்பட்டிப் பட்டன் இரண்டையும் அறுத்துவிட்டு எலாஸ்டிக் நூலில் தைத்தேன். பட்டனைக் கழற்றாமலே கை உள்ளே போய்விடும். மற்ற துளைகளுக்குள் பட்டனை நுழைத்து எடுத்து, நுழைத்து எடுத்து, விரல் சிவக்கும் வரை இளக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை நம் கடையில் எவ்வளவு கூட்டம் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வாரம் முழுக்க ரயிலில் நிற்கிறவர்களுக்குத் துணி எடுக்க அந்த ஒரு நாள்தான். அன்று மதியம் மூன்று சட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டு முதலாளியிடம் போய், ஒரு மணி நேரம் வெளியே போக வேண்டும் என்றேன். பில் போடாத சட்டை கடைப் படி தாண்டக் கூடாது என்பது அவருடைய சட்டம். பையைத் திறந்து பார்த்தார். மாமா சட்டையைக் கண்டதும் அவர் முகமே மாறிவிட்டது.

"இத்த வாங்க ஒரு ஆள் கீறானா?" என்றார். "ஓடு."

மாரிகுப்பத்தில் அவர்கள் வீடு, சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய பழைய லைன் வீடு. முன்னறையில் புத்தர் படத்துக்குக் கீழே அசோகன் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போகப் பார்த்தார். நான் வாசலிலேயே நின்று, நேற்று செய்தது தப்பு, உங்கள் கையைத் தொட்டது பெரிய தப்பு என்றேன். சட்டையைப் பார்த்துவிட்டுச் செருப்பால் அடிப்பதானால் அடியுங்கள் என்றேன். அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். என்னைப் போகச் சொல்லவில்லை.

முதலில் நீட்டியது கடையிலேயே நல்ல சட்டை. அது ஏறவில்லை. ஏறாது என்று எனக்குத் தெரியும், ஆனால் எடுத்தவுடன் மாமா சட்டையை நீட்டினால் அவமதித்தது போலாகிவிடுமோ என்று பயம். இரண்டாவது, இரண்டு அளவு பெரியது. அது சுலபமாக ஏறியது. ஆனால் கை நீளம் விரலை மூடியதால் பட்டனைப் பிடிக்க முடியவில்லை. சுவர்க் கண்ணாடியில் பார்த்துக்கொண்டார். யாரோ செத்தவன் சட்டையைக் கொடுத்த மாதிரி இருக்கிறது என்று கழற்றி எறிந்தார். மூன்றாவதை எடுத்து வெளியே வைத்தேன். அதன் நிறத்தைப் பார்த்து மல்லிகா வாயைப் பொத்திக்கொண்டாள்.

வராத கையை முதலில் சட்டைக்குள் விடச் சொன்னது அவள்தான். அது அவளுக்குத் தினமும் செய்து பழக்கம், எனக்குத் தெரியாது. போடும்போது வராத கை முதலில், கழற்றும்போது அது கடைசியில். இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், சின்ன முதலாளியின் வீடியோவில் இல்லை. பிறகு நாங்கள் இருவரும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம். அவர் தனியாகப் போட்டுக்கொண்டு வர வேண்டும்.

உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு கெட்ட வார்த்தை. பிறகு அதைவிடக் கெட்டது. பிறகு என் அம்மாவைப் பற்றி ஒன்று. மல்லிகாவின் கை இரண்டு தடவை கதவுக்குப் போனது, இரண்டு தடவையும் தானாகவே இறங்கியது. முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள்.

"ஒம்பது வருசமா நான்தான் போட்டுவிடறேன்" என்றாள். "எனக்கும் ஒரு இடத்துக்குப் போவணும்னு ஆசை கீதுங்க. அத்த அவருகிட்ட எப்டி சொல்றது? கோவம்னு நெனச்சிக்குவாரு."

முப்பது வருடம் வாயால் பிழைத்தவன், வாசலில் கிடந்த செருப்பை ஜோடி சேர்த்து வைத்தேன்.

கதவு திறந்தது. சட்டை போட்டிருந்தார். தோள் தையல் தோள் எலும்பின் மேல் இருந்தது. கைப்பட்டி மணிக்கட்டில் சரியாக நின்றது. கீழே நாலு பட்டன் போட்டிருந்தார். மேலே இரண்டு திறந்து கிடந்தது, அந்த உயரத்துக்கு வலது கை வரவில்லை, இடது கைக்குத் தனியாக அது பிடிபடவில்லை. மேல் பட்டனைக் கண்டுபிடித்தவன் எவன் என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மல்லிகா, கழுத்து திறந்திருக்கிறதே, கேட்டில் காற்று நேரே நெஞ்சுக்குள் போகுமே என்றாள். அவள் போகிறேன் என்றும் சொல்லவில்லை, போகவில்லை என்றும் சொல்லவில்லை. டீ போட உள்ளே போனாள். டீயைக் குடித்துவிட்டு, மற்ற இரண்டு சட்டைகளை எடுத்துக்கொண்டு கடைக்குத் திரும்பினேன். அன்றைக்கு முழுக்க எத்தனை பேருக்கு என்ன விற்றேன் என்று நினைவில்லை. ஒருவரையும் கம்பியைப் பிடிக்கச் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், வண்டி இன்று லேட் என்றேன்.

கம்பியை நான் கழற்றச் சொல்லவில்லை, அது நல்ல கம்பி. ஆனால் அதன் பிறகு எவரையும் பிடிக்கச் சொல்வதற்கு முன்னால், இந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். ஆட்கள் சொல்வார்கள். ஒருவர் இரண்டு பக்கமும் பால் கேன் வைத்து வண்டி ஓட்டுகிறவர். ஒருவர் நாள் முழுக்கக் கோலார் கோர்ட்டில் உட்கார்ந்து டைப் அடிக்கிறவர். ஒருவர், ஒன்றும் செய்யப் போவதில்லை, பென்ஷன் வாங்கிக்கொண்டு சும்மா இருக்கப் போகிறேன் என்றார். ஒவ்வொருவருக்கும் வேறு வேறு சட்டை.

அந்தத் திங்கட்கிழமை விடிந்ததும் கடைக்கு நேராகப் போகாமல் என் ஸ்கூட்டரை மாரிகுப்பம் பக்கம் விட்டேன். பனி மூட்டத்தில் நாலடிக்கு முன்னால் ஒன்றும் தெரியவில்லை. மனதுக்குள் இரண்டு படம் மாறி மாறி வந்தது. ஒன்றில் அவர் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருக்கிறார். அப்படியென்றால் மல்லிகா வீட்டில் இருக்கிறாள். இன்னொன்றை நினைக்கவே பயமாக இருந்தது. ஆசைப்பட்டுவிட்டு அது நடக்காமல் போனால் தாங்க முடியாது என்று தோன்றியது. ஒரு சட்டைக்கு இவ்வளவா என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள்.

பள்ளிக்கூட கேட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் கடுகு நிறத்தில் ஏதோ தெரிந்தது. வண்டியை நிறுத்தினேன். இடது கை ஒருவழியாகப் பழகியிருக்க வேண்டும், பட்டன் கழுத்து வரை போட்டிருந்தார். ஆனால் எல்லாப் பட்டனும் ஒரு துளை தள்ளி ஏறியிருந்தது. காலரின் ஒரு பக்கம் காதுக்கு ஏறி, கீழே ஒரு பக்கம் வாலாகத் தொங்கியது. மல்லிகா பார்த்திருந்தால் ஒரு நொடி கூட அப்படி விட்டிருக்க மாட்டாள். அவள் பார்க்கவில்லை.

கோணலான காலரைக் கண்டால் என் கை தானாகப் போகும். கல்யாண வீட்டில் முன்பின் தெரியாத மாப்பிள்ளைக்குக் கூடச் சரி செய்துவிட்டிருக்கிறேன். அன்று இரண்டு கையையும் பேன்ட் பையில் போட்டுக்கொண்டேன்.

"மொத வண்டிக்கே போயிட்டா" என்றார் அசோகன்.

நான் தலையைக் கொஞ்சம் சாய்த்தேன்.

"உங்களுக்குன்னே தெச்ச மாதிரி கீதுண்ணே."

"யோவ், கண்ணு தெரியல? பட்டன் மாறிக்கீது."

"தெரியுதுண்ணே" என்றேன்.